அரிசி ஆலையின் இரண்டு பைபர்களும் எல்ஏசிபியும்

ஒரு கட்டடத்தில் இருக்கும் சுவிட்சிலிருந்து (கணினிகளையும் கெமராக்களையும் ஒரே வலையமைப்பாக இணைக்கும் பெட்டி) இன்னொரு கட்டடத்து சுவிட்சுக்கு இரண்டு கேபிள்களை இழுத்து, அவற்றை ஒரே இணைப்பாகக் கட்டித் தரும்படி கேட்கிற வாடிக்கையாளர்கள் எனக்கு அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் கூடிக்கொண்டு வருகிறார்கள். அரிசி ஆலைகள், பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல்கள், தனியார் கல்வி நிலையங்கள், மூன்று மாடி புடவைக் கடைகள் என்று இடங்கள் வேறுபட்டாலும், அநேகமாக எல்லா இடத்திலும் கேள்விக்குப் பின்னால் இருப்பவை கண்காணிப்புக் கெமராக்களே. கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் வேகம் இரண்டு மடங்காகும் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். நான் அந்த வேலையைச் செய்து கொடுப்பதோ, ஒரு கேபிள் அறுந்த அன்றும் வேலை நிற்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்த இரண்டு நோக்கங்களும் ஒரே அமைப்பைக் கேட்பதுபோலத் தோன்றும்; ஆனால் எந்த நோக்கத்தை மனதில் வைத்து அமைக்கிறோம் என்பதைப் பொறுத்து, சுவிட்சில் கொடுக்கும் ஒவ்வொரு கட்டளையும் மாறும்.

இரண்டு சுவிட்ச்களுக்கு இடையில் இரண்டாவது கேபிளை வெறுமனே செருகிவிட்டால் என்ன நடக்கும் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. ஈதர்நெட் கேபிளில் தரவு பிரேம் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. அந்தப் பிரேமுக்கு ஆயுள் எண்ணிக்கை கிடையாது. ஐபி பொதியில் ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் குறைந்துகொண்டே வந்து பூச்சியத்தில் பொதியைக் கொல்லும் எண் ஒன்று உண்டு. ஈதர்நெட்டில் அப்படி எதுவும் இல்லாததால், எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் பிரேம் ஒன்று முதல் கேபிளால் போய் இரண்டாவது கேபிளால் திரும்பி வந்து, மறுபடியும் போய், பெருகிக்கொண்டே இருக்கும். சில விநாடிகளில் எல்லாப் போர்ட் விளக்குகளும் ஒன்றாக மின்னத் தொடங்கும். அதன் பிறகு எந்தக் கணினியும் எதையும் அடையாது. கடைகளில் வாங்கும் சாதாரண, அமைப்பு மாற்ற முடியாத சுவிட்ச்களில் இதுதான் கதி. மேலாண்மை வசதியுள்ள சுவிட்ச்களில் இப்படிச் சுற்றும் வளையத்தைக் கண்டு தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறை இயங்குவதால் இரண்டாவது இணைப்பு தடுக்கப்பட்டு, முதலாவது அறும்வரை சும்மா கிடக்கும். பழைய 802.1டி ஸ்பானிங் ட்ரீ அந்த மாற்றத்துக்கு 30 முதல் 50 விநாடிகள் வரை எடுத்தது. 2001ஆம் ஆண்டில் வந்த ரப்பிட் ஸ்பானிங் ட்ரீ அதைப் பெரிதும் சுருக்கியது. ஆனாலும் காசு கொடுத்து இழுத்த கேபிள் ஒன்று வேலை செய்யாமல் கிடக்கிறது என்ற குறை மாறவில்லை.

லிங்க் அக்ரிகேஷன் இந்தக் குறையைத் தீர்க்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட போர்ட்களைச் சேர்த்து ஒரே தருக்கப் போர்ட்டாக சுவிட்ச் நடத்துகிறது. ஸ்பானிங் ட்ரீயின் கண்ணுக்கு அது ஒரே ஒரு இணைப்பு என்பதால் எதையும் தடுக்க வேண்டிய தேவை எழுவதில்லை. இந்த எண்ணத்தை முதலில் வியாபாரப் பொருளாகக் கொண்டுவந்தது கல்பனா என்ற பெயருடைய அமெரிக்க நிறுவனம். அதை 1994இல் சிஸ்கோ வாங்கியது. ஈதர்சேனல் என்ற பெயர் இன்றும் சிஸ்கோ சுவிட்ச்களில் இருப்பது அந்த வழியில் வந்தது. பிறகு 2000ஆம் ஆண்டில் 802.3ஏடி என்ற பொதுத் தரம் வந்தது. 2008இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற தனித் தரமாக மாற்றப்பட்டது. பல சுவிட்ச்களின் அமைப்புப் பக்கங்களில் பழைய எண்ணே இன்னும் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சம்மாந்துறைப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக்குச் செய்த வேலையை வைத்து மிகுதியை எழுதுகிறேன், ஏனெனில் அங்கே இந்த விடயத்தின் எல்லா முகங்களும் ஒரே வளவுக்குள் இருந்தன. வீதியோரத்தில் அலுவலகமும் தராசு அறையும். அதற்குப் பின்னால் நெல் காயவிடும் பெரிய சீமெந்துத் தளம். தளத்துக்கு அப்பால் ஆலையும் களஞ்சியங்களும். அலுவலக சுவிட்சுக்கும் ஆலை சுவிட்சுக்கும் இடையில் கேபிள் ஏறக்குறைய இருநூறு மீற்றர் ஓடவேண்டியிருந்தது. செப்புக் கேபிளுக்கு ஈதர்நெட் அனுமதிக்கும் தூரம் 100 மீற்றர் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் மின்னல். ஒக்டோபர், நவம்பர் மாத இடிமழையில் இரண்டு கட்டடங்களுக்கு இடையே ஓடும் செப்புக் கேபிள் ஒரு பக்கத்து மின்னழுத்தத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், இரு முனைகளிலும் உள்ள போர்ட்களைக் கருக்கிவிடும். எனவே கட்டடத்துக்குக் கட்டடம் போவது எதுவானாலும் நான் ஒளியால் தரவு கடத்தும் பைபர்தான் போடுகிறேன். இங்கும் இரண்டு பைபர் இணைப்புகள்; ஒவ்வொன்றும் விநாடிக்கு 1 ஜிகாபிட்.

ஆலைப் பக்கத்தில் 32 கெமராக்கள். ஒவ்வொன்றும் விநாடிக்கு 4 மெகாபிட் அனுப்பும்படி அமைத்தால் மொத்தம் 128 மெகாபிட். ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஏழில் ஒரு பங்குகூட நிறைவதில்லை. இந்தக் கணக்கை முதலிலேயே முதலாளிக்குக் காட்டினேன். கெமராக்களுக்காக இரண்டாவது இணைப்பு தேவையில்லை, முதலாவது அறுந்தால் என்ன செய்வது என்பதற்காகவே தேவை என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார். வேலை முடிந்து, அலுவலகத்துச் சேர்வரிலிருந்து ஆலையில் உள்ள பிரதிச் சேமிப்பகத்துக்குக் கணக்குக் கோப்புகளைக் கொப்பி பண்ணிப் பார்த்தபோது கேட்டார்:

“தம்பி, ரெண்டு வயர் இழுத்திருக்கம் எண்டு சொல்றீங்க. கொப்பி பண்றது முந்தின வேகத்திலதானே கிடக்கு?”

“கல்லடியில பழைய பாலத்துக்குப் பக்கத்தில புதுப் பாலம் வந்த பிறகும் ஒரு லொறி ஒரு பாலத்தாலதானே போகுது, ஹாஜியார்? ரெண்டிலயும் பாதி பாதியா ஏறி ஓட ஏலாது” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார், ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது, அதற்குரிய விளக்கம்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் நடுநரம்பு. இணைப்புக் கட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு பிரேமுக்கும் எந்தக் கேபிளால் போவது என்பதை சுவிட்ச் தீர்மானிக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றாக, முதல் பிரேம் முதல் கேபிளில், அடுத்தது அடுத்ததில் என்று அனுப்பினால் வேகம் கூடும்தான். ஆனால் இரண்டு கேபிள்களிலும் தாமதம் சரிசமமாக இருப்பதில்லை; பின்னால் புறப்பட்டது முன்னால் போய்ச் சேரும். வரிசை குலைந்து வரும் பொதிகளை, தரவு முழுதாகப் போய்ச் சேர்வதைக் கவனிக்கும் டிசிபி நெறிமுறை, தொலைந்த பொதி என்று நினைத்து மீண்டும் கேட்கத் தொடங்கும், அதனுடன் தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே உரையாடலுக்குச் சொந்தமான பிரேம்கள் வரிசை மாறக் கூடாது என்று தரமே விதிக்கிறது. அந்த விதியைக் காப்பாற்ற சுவிட்ச்கள் ஓர் உரையாடலை ஒரே கேபிளில் கட்டிப்போடுகின்றன. சேர்வரிலிருந்து சேமிப்பகத்துக்குப் போகும் ஒற்றைக் கொப்பி ஓர் உரையாடல். அதற்குக் கிடைப்பது ஒரு ஜிகாபிட், அதாவது நடைமுறையில் விநாடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட். கட்டில் இரண்டு கேபிள் இருந்தாலும் எட்டு இருந்தாலும் அந்த எண் மாறாது.

எந்த உரையாடல் எந்தக் கேபிளுக்கு என்பதை சுவிட்ச் ஒரு சிறு கணக்கால் முடிவு செய்கிறது. அனுப்புநரின் மேக் முகவரி (சாதனத்தின் வன்பொருளுக்கே உரிய முகவரி), பெறுநரின் மேக் முகவரி, இருவரின் ஐபி முகவரிகள், சில சுவிட்ச்களில் டிசிபி போர்ட் எண்கள் ஆகியவற்றில் எதை எடுப்பது என்பதை நாம் தெரிவு செய்யலாம். எடுத்ததை வைத்து ஹாஷ் கணக்கிட்டு விடைக்குரிய கேபிளில் அனுப்பும். பல சுவிட்ச்களில் இது முகவரிகளின் கடைசி பிட்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒத்திருந்தால் 0, வேறுபட்டால் 1 என்று எழுதுவதைத் தவிர வேறொன்றும் இல்லை. கெமராப் படங்கள் வந்து சேரும் அலுவலகப் பதிவுப் பெட்டியின் ஐபி முகவரி 10இல் முடிகிறது, கெமராக்கள் 101 முதல் 132 வரை. இரண்டு கேபிள்கள் என்பதால் கடைசி ஒரு பிட் போதும். 10 இரட்டை எண், கடைசி பிட் 0. 101 ஒற்றை எண், கடைசி பிட் 1. இரண்டும் வேறுபடுவதால் விடை 1, ஆக இரண்டாவது கேபிள். 102 இரட்டை, விடை 0, முதல் கேபிள். இப்படி ஒற்றை எண் கெமராக்கள் பதினாறும் ஒரு பக்கம், இரட்டை எண் கெமராக்கள் பதினாறும் மறுபக்கம் என்று அழகாகப் பிரிந்துவிடும். கெமரா பூட்டியவர் ஏதோ காரணத்தால் 102, 104, 106 என்று இரட்டை எண்களாகவே கொடுத்திருந்தால் எல்லாம் ஒரே கேபிளில் ஏறும், மற்றக் கேபிள் வெறுமையாகக் கிடக்கும். சமநிலைக் குறைவு என்று முறைப்பாடு வரும் இடங்களில் நான் முதலில் பார்ப்பது முகவரிப் பட்டியலைத்தான்.

மூன்று கேபிள்களைக் கட்டுவது எனக்குப் பிடிக்காததற்கும் இதே கணக்குதான் காரணம். சிஸ்கோவின் பல கேட்டலிஸ்ட் சுவிட்ச்கள் ஹாஷ் விடையை எட்டு வாளிகளாகப் பிரித்து, அந்த வாளிகளைக் கேபிள்களுக்குப் பங்கிடுகின்றன. இரண்டு என்றால் நாலுக்கு நாலு. நான்கு என்றால் இரண்டிரண்டு. மூன்று என்றால் மூன்று, மூன்று, இரண்டு. எட்டுக் கேபிள்வரை ஒரு கட்டில் இயங்கலாம் என்றாலும் இரண்டு, நான்கு, எட்டு ஆகிய எண்ணிக்கைகளில்தான் பங்கு சரிவரும்.

இன்னொரு விடயம் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவது. ஹாஷ் கணக்கை ஒவ்வொரு சுவிட்சும் தான் அனுப்பும் திசைக்கு மட்டுமே, தனித்தனியாகச் செய்கிறது. ஆலை சுவிட்ச் எப்படிப் பிரிக்கிறது என்பது அலுவலக சுவிட்சுக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கட்டைப் பற்றி இரு முனை சுவிட்ச்களும் பேசிக்கொள்ளும் நெறிமுறையான எல்ஏசிபி இதைப் பேசித் தீர்ப்பதும் இல்லை. கேட்டலிஸ்ட் 2960 தொழிற்சாலையிலிருந்து வரும்போது அனுப்புநரின் மேக் முகவரியை மட்டும் வைத்தே பிரிக்கும். ஆலையிலிருந்து அலுவலகத்துக்கு வரும் திசையில் அது நன்றாக வேலை செய்யும், ஏனெனில் 32 கெமராக்களுக்கும் 32 மேக் முகவரிகள். எதிர்த் திசையில், இணையத்திலிருந்து ஆலையில் உள்ள கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் போவது எல்லாமே ரவுட்டரின் ஒரே மேக் முகவரியிலிருந்து புறப்படுகிறது. அதனால் முழுவதும் ஒரே கேபிளில் இறங்கும். பெறுநர் மேக் முகவரியை மட்டும் எடுத்தால் இதே பிழை தலைகீழாக வரும்: கெமராக்கள் எல்லாம் ஒரே பதிவுப் பெட்டிக்கு அனுப்புவதால் அவை ஒன்றாகக் குவியும். இரண்டு பக்கத்திலும் அனுப்புநர், பெறுநர் இருவரின் ஐபி முகவரிகளையும் சேர்த்து எடுக்கும் முறையை வைப்பதே பொதுவாகப் பாதுகாப்பானது. மலிவான சில சுவிட்ச்களில் மேக் முகவரித் தெரிவு மட்டுமே இருக்கும். அங்கே போக்குவரத்து எந்தத் திசையில் கனமாக இருக்கிறது என்று பார்த்து அந்தந்த முனையில் பொருத்தமானதை வைக்கலாம், இரண்டு முனைகளும் ஒத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்து, கட்டை எப்படி உருவாக்குவது என்ற கேள்வி. இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது நிலையான கட்டு. இந்த இரண்டு போர்ட்களும் ஒன்று என்று சுவிட்சுக்குக் கட்டளை கொடுத்துவிட்டால் அது மறுமுனையைக் கேட்காமலே நம்பிக்கொள்ளும். இரண்டாவது எல்ஏசிபி, ஒவ்வொரு போர்ட்டும் தான் யார், எந்தக் கட்டைச் சேர்ந்தது என்ற சிறு செய்தியை மறுமுனைக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதில் பொருந்தினால் மட்டுமே கட்டில் சேரும். எளிது என்பதற்காக முதலாவதைப் போடுகிறவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அதன் விளைவைக் கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கடலோரமாக உள்ள ஒரு கல்வி நிலையத்தில் பார்த்தேன்.

அங்கே சுவிட்ச்களில் பைபரை நேரடியாகச் செருகும் வாங்கி (டிரான்சீவர்) இல்லாததால், முன்பு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு பைபரின் இரு முனைகளிலும் மீடியா கன்வேர்ட்டர் (பைபரின் ஒளியைச் செப்புக் கேபிளின் மின்சைகையாகவும் மறுபடி ஒளியாகவும் மாற்றும் சிறு பெட்டி) வைத்து, அதிலிருந்து குறுகிய செப்புக் கேபிளால் சுவிட்சுக்கு இணைத்திருந்தார்கள். கட்டு நிலையானது. ஒரு நாள் இரண்டு பைபர்களில் ஒன்று அறுந்தது. கன்வேர்ட்டருக்கும் சுவிட்சுக்கும் இடையிலான செப்புக் கேபிள் நலமாக இருந்ததால் போர்ட் விளக்கு அணையவில்லை. இரண்டு முனை சுவிட்ச்களும் கட்டில் இரண்டு கேபிள் உயிருடன் இருப்பதாகவே நினைத்து, ஹாஷ் கணக்குப்படி பாதி உரையாடல்களை அறுந்த பைபருக்குள் கொட்டிக்கொண்டிருந்தன. வெளியில் தெரிந்த அறிகுறி விசித்திரமானது: சில கணினிகளில் இணையம் ஒழுங்காக ஓடியது, பக்கத்து மேசைக் கணினியில் ஓடவே இல்லை, ஒரே கணினியிலிருந்து ஓர் அச்சுப்பொறிக்குப் போக முடிந்தது, இன்னொன்றுக்குப் போக முடியவில்லை. கணினியை மறுபடி இயக்கினாலும் அதே கணினிகள்தான் அதே இடங்களை அடையவில்லை. வைரஸ் என்று கணினிகளை அழித்து மீண்டும் நிறுவியிருந்தார்கள். எப்போதும் அதே சோடிகள் மட்டும் தவறுகின்றன என்றால் சந்தேகிக்க வேண்டியது ஹாஷையும் அதற்குப் பின்னால் இறந்துகிடக்கும் ஒரு கேபிளையும்தான்.

எல்ஏசிபி இருந்திருந்தால் அந்தப் பைபரில் செய்தி வரவு நின்றதும் அந்தப் போர்ட் கட்டிலிருந்து தானாக விலகியிருக்கும். மெதுவான முறையில் 30 விநாடிக்கு ஒரு செய்தி; மூன்று செய்திகள் தவறி 90 விநாடி கடந்தால் விலக்கம். வேகமான முறையில் விநாடிக்கு ஒரு செய்தி, 3 விநாடியில் விலக்கம். வேக முறையை ஒரு பக்கத்தில் கொடுப்பது, எனக்கு வேகமாக அனுப்பு என்று மறுபக்கத்தைக் கேட்பதாகும் என்பதால், இரண்டு பக்கத்திலும் கொடுத்தால்தான் இரு திசையும் விரைவாக உணரப்படும். பைபர் நேரடியாக சுவிட்சில் செருகப்படும் இடங்களில் வெளிச்சம் நின்றவுடனேயே போர்ட் விழுந்துவிடும் என்பதால் மெதுவான முறை போதும். கன்வேர்ட்டர் நடுவில் இருக்கும் இடங்களில் வேக முறை இல்லாமல் நான் விட்டுவருவதில்லை.

சிஸ்கோ கேட்டலிஸ்டில் ஆலைக்குச் செய்த அமைப்பு இதுதான். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன். முதலில் ‘இன்டர்பேஸ் ரேஞ்ச்’ என்று இரண்டு போர்ட்களையும் ஒன்றாகத் தெரிந்து ‘ஷட்டவுன்’ கொடுக்க வேண்டும். போர்ட்கள் மூடியிருக்கும்போதே ‘சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்’ கொடுத்தால் போர்ட்-சேனல் 1 என்ற தருக்கப் போர்ட் உருவாகும். அதற்குப் பிறகு விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி வலையமைப்பு) சம்பந்தமான எதையும் தனிப் போர்ட்டில் எழுதக் கூடாது, போர்ட்-சேனலில்தான் எழுத வேண்டும். கெமராவுக்கு ஒரு விலேன், அலுவலகத்துக்கு ஒன்று, வைபைக்கு ஒன்று என்று அனுமதிப்பட்டியலை அங்கே கொடுத்தால் அது உறுப்புப் போர்ட்களுக்குத் தானாக இறங்கும். ஒரு போர்ட்டில் மட்டும் தனியாக ஒரு விலேனைச் சேர்த்தால் அந்தப் போர்ட் மற்றதோடு பொருந்தாமல் கட்டிலிருந்து தள்ளப்படும். ஹாஷ் முறை முழு சுவிட்சுக்கும் பொதுவானது: ‘போர்ட்-சேனல் லோட்-பேலன்ஸ் எஸ்ஆர்சி-டிஎஸ்டி-ஐபி’. மறுமுனையிலும் இவை அனைத்தையும் முடித்த பிறகே போர்ட்களைத் திறக்க வேண்டும். ‘ஆக்டிவ்’ என்பது தானாகப் பேச்சைத் தொடங்கும்; ‘பாசிவ்’ என்பது மற்றவர் பேசினால் மட்டும் பதில் சொல்லும். இரண்டு முனையும் பாசிவாக இருந்தால் யாரும் பேசத் தொடங்காததால் கட்டு உருவாகாது. இரண்டு பக்கத்திலும் ஆக்டிவ் வைப்பதில் ஒரு தீங்கும் இல்லை.

‘ஷோ ஈதர்சேனல் சமரி’ கொடுத்தால் வரும் சிறு அட்டவணையில் போர்ட்-சேனலுக்குப் பக்கத்தில் ‘எஸ்யூ’ என்றும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் ‘பி’ என்றும் இருந்தால் எல்லாம் சரி. ‘ஐ’ என்றால் போர்ட் தனியாக நிற்கிறது, அதாவது மறுமுனையிலிருந்து எல்ஏசிபி செய்தி வரவில்லை. ‘எஸ்’ என்றால் பொருத்தமின்மையால் இடைநிறுத்தப்பட்டுள்ளது. ‘டி’ என்றால் கேபிளே உயிருடன் இல்லை. ஹெச்பியின் பழைய புரோகர்வ் வகையில் ‘டிரங்க் 23-24 டிஆர்கே1 எல்ஏசிபி’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். கடைசிச் சொல்லின் இடத்தில் ‘டிரங்க்’ என்று கொடுத்தால் கிடைப்பது நிலையான கட்டு. அங்கே இன்னொரு பொறி உண்டு: கட்டில் சேர்ந்த கணமே அந்தப் போர்ட்களின் பழைய விலேன் அமைப்பு போய்விடும், புதிய தருக்கப் போர்ட்டை ஒவ்வொரு விலேனிலும் மீண்டும் சேர்க்க வேண்டும். தூரத்திலிருந்து அதே இணைப்பின் ஊடாக நுழைந்து இதைச் செய்கிறவர் கதவைத் தானே பூட்டிக்கொள்வார். மைக்ரோடிக்கில் போண்டிங் என்ற இன்டர்பேஸை உருவாக்கி முறையை 802.3ஏடி என்று வைத்து, போர்ட்களை முதலில் பிரிட்ஜிலிருந்து கழற்றி, அவற்றுக்குப் பதிலாக போண்டிங்கை பிரிட்ஜில் சேர்க்க வேண்டும்.

கட்டில் சேரும் போர்ட்கள் எல்லாம் ஒரே வேகத்தில், முழு டூப்ளெக்ஸில் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் அனுப்பும் முறையில்) இயங்க வேண்டும் என்பது சிறிய நிபந்தனைபோலத் தெரியும். ஆனால் கரையோரத்தில் இதுவே அதிகம் தொல்லை தருவது. காத்தான்குடியிலும் மருதமுனையிலும் கடைகளுக்குள் செப்புக் கேபிளால் கட்டிய இடங்களில் தலைப்பைக் கழற்றிப் பார்த்தால், பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகடுகளில் ஒன்றிரண்டு உப்புக்காற்றில் பச்சை பூத்திருக்கும். ஜிகாபிட்டுக்கு நான்கு சோடி வயர்களும் தேவை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும். ஒரு தகடு பழுதானால் போர்ட் அணையாது; சில சுவிட்ச்களில் அது 100க்கு இறங்கி உயிரோடு இருக்கும். விளக்கு எரிகிறது, ஆனால் நிறம் மாறியிருக்கும். கட்டிலிருந்து அந்தப் போர்ட் விலகியிருக்கும். மற்றக் கேபிள் முழுச் சுமையையும் எடுப்பதால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாதங்கள் கழித்து அந்த ஒன்றும் பழுதாகும்போதுதான், இரட்டை இணைப்பு நெடுநாளாக ஒற்றையாகவே இருந்தது தெரியவரும். ஆகவே மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தச் சிறு அட்டவணையைப் பார்க்கும்படி வாடிக்கையாளரின் கணினிப் பொறுப்பாளரிடம் சொல்கிறேன். வசதியுள்ள இடத்தில் போர்ட் நிலை மாறினால் மின்னஞ்சல் வரும்படி வைக்கிறேன்.

இப்போது பாதை. நான்கு இழை கொண்ட ஒரு பைபர் கேபிளை இழுத்தால் அதற்குள்ளேயே இரண்டு இணைப்புகள் கிடைக்கும், செலவும் மிச்சம். ஆனால் நெல் மூட்டை ஏற்றிய லொறியின் உச்சி அந்தக் கேபிளைக் கொழுவி இழுத்தால் நான்கு இழைகளும் ஒன்றாகவே போகும். ஆலையில் ஒரு பைபரைச் சுற்றுமதில் ஓரமாக நிலத்தடிக் குழாயில் விட்டோம். மற்றதைக் களஞ்சியத்துச் சுவரிலும் கூரை வளையிலுமாக உயரத்தில் கொண்டுபோனோம். எலி கடிப்பது ஒரு பாதைக்கு, லொறி இழுப்பது மறுபாதைக்கு. இரண்டாவது பாதைக்கு ஆன கூடுதல் கேபிளும் கூலியும்தான் இந்த வேலையில் மிகப் பெரிய செலவு. வாடிக்கையாளர் அதைக் குறைக்கச் சொன்னால், பணத்தை வீணாக்காமல் ஒற்றை இணைப்போடு இருக்கலாமே என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டு இணைப்புகளும் ஒவ்வொரு முனையிலும் ஒரே சுவிட்சில்தான் போய்ச் சேர வேண்டும். ஒன்றை ஒரு சுவிட்சிலும் மற்றதை இன்னொன்றிலும் செருக வேண்டுமானால் அவ்விரண்டும் ஸ்டாக் ஆக இணைந்து ஒரே சுவிட்சாக நடக்க வேண்டும், அல்லது இரண்டு தனிச் சுவிட்ச்கள் ஒரு கட்டைப் பகிர இடம் தரும் எம்லாக் வசதி இருக்க வேண்டும். நம் பக்கத்துச் சிறு நிறுவனங்களின் வரவு செலவுக்குள் அது பெரும்பாலும் வருவதில்லை. நடுவில் சாதாரண சுவிட்ச் ஒன்றை வைத்துத் தூரத்தைக் கூட்டவும் முடியாது. எல்ஏசிபி செய்திகள் போகும் முகவரி, பிரிட்ஜ்கள், அதாவது சுவிட்ச்கள், கடத்தக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட முகவரிகளில் ஒன்று.

உண்மையாகவே ஒற்றை உரையாடலுக்கு வேகம் வேண்டும் என்றால், உதாரணமாகக் காணொளித் தொகுப்பு நிலையம் ஒன்று பெரிய கோப்புகளை ஒரே சேமிப்பகத்தோடு பரிமாறுகிறது என்றால், நான்கு ஜிகாபிட் கேபிள்களைக் கட்டுவதைவிட இரண்டு முனையிலும் 10 ஜிகாபிட் வாங்கிகளை வைத்து ஒரே பைபரை ஓட்டுவதே மேல். பழைய, பாவித்த 10 ஜிகாபிட் சுவிட்ச்கள்கூட அந்த வேலைக்குப் போதும். ஹாஷ் பற்றி யோசிக்கத் தேவையில்லை, ஒற்றைக் கொப்பியும் முழு வேகத்தில் போகும். இதைச் சொன்னால் இரண்டு பைபரையும் 10 ஜிகாபிட்டாக்கிக் கட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகச் செய்யலாம், வேகமும் தொடர்ச்சியும் அப்போது ஒன்றாகக் கிடைக்கும்.

ஒப்படைக்கும் முன் செய்யும் சோதனையில் நான் அவசரப்படுவதில்லை. அலுவலகக் கணினியிலிருந்து ஒற்றை எண் கெமராக்கள் இரண்டுக்கும் இரட்டை எண் கெமராக்கள் இரண்டுக்கும் நான்கு சாளரங்களில், பதில் வருகிறதா என்று விடாமல் கேட்கும் பிங் ஓடவிட்டு, ஒரு பைபரைக் கழற்றுகிறேன். சரியாக அமைந்திருந்தால் அந்தப் பைபரில் போன இரண்டிலும் ஒன்றிரண்டு பதில்கள் தவறி, பிறகு தொடரும். மற்ற இரண்டும் அசையாது. திரும்பச் செருகி, ‘பி’ வந்ததைப் பார்த்துவிட்டு மற்றப் பைபரைக் கழற்றுகிறேன். கன்வேர்ட்டர் உள்ள இடங்களில் கழற்ற வேண்டியது கன்வேர்ட்டரின் பைபர் முனையை. சுவிட்சின் செப்பு முனையைக் கழற்றிப் பார்த்துத் திருப்தி அடைந்தால் மேலே சொன்ன கல்வி நிலையத்தின் கதை திரும்ப வரும்.

பிறகு அமைப்பைச் சேமிக்கும் ‘ரைட் மெமரி’ கட்டளை. அதற்குப் பின் இரண்டு முனைகளையும் ஒவ்வொன்றாக மின்சாரத்திலிருந்து கழற்றி மீண்டும் இயக்குகிறேன். கரண்ட் போய் வரும் ஊரில் சேமிக்கப்படாத அமைப்பு ஒரு நாளைக்கு வெளிப்பட்டே தீரும்: ஒரு முனை கட்டு இல்லாமல் எழும்பி, மறுமுனை நிலையான கட்டோடு இருந்தால், அங்கிருந்து போகும் பிராட்காஸ்ட் ஒரு கேபிளால் போய் மறு கேபிளால் அப்படியே திரும்பி வந்து, தன் பக்கத்துக் கணினிகளின் முகவரிகளையே மறுபக்கத்தில் இருப்பதாக சுவிட்ச் தவறாகப் படித்துக்கொள்ளும். எல்ஏசிபியில் அந்தப் போர்ட்கள் கட்டில் சேராது என்பதால் ஸ்பானிங் ட்ரீ ஒன்றைத் தடுத்து மற்றதில் வேலையை ஓட்டும், அல்லது சில மாதிரிகளில் போர்ட் இடைநிறுத்தப்படும். கடைசியாக, சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டுகிறேன்: எந்தப் போர்ட் நிலத்தடிப் பாதை, எந்தப் போர்ட் கூரைப் பாதை, இரு முனையிலும் வைத்த ஹாஷ் முறை எது, எல்ஏசிபி வேகமா மெதுவா என்ற நான்கு வரிகள்.